கொளஞ்சியின் விலாவைத் தட்டிய மிஷின்

கொளஞ்சியப்பன் என் இரண்டாவது பிள்ளை. கள்ளக்குறிச்சி கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் கொண்டுவந்து ஏலத்துக்குப் போடுகிற இடம் அது. வண்டியிலிருந்து இறக்குவதும், எடை போட்டபின் வியாபாரி லாரியில் ஏற்றுவதும்தான் அவன் பிழைப்பு. எனக்கு எழுத்து தெரியாது, வாயால்தான் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் நான் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். நடுவில் உங்கள் அழகை எல்லாம் சேர்க்க வேண்டாம்.

மீசை முளைக்கிற வயதில் அவன் கல்வராயன் மலைக்குப் போகிற லாரியில் ஏறினான். மலைக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ரோட்டோரம் போட்டு வைத்திருக்கும் கடுக்காய், புளி, சாமை மூட்டைகளை லாரியில் அடுக்குகிற வேலை. அடுக்குவதில் அவனுக்கு ஒரு கை உண்டு. எத்தனை வளைவு திரும்பினாலும் அவன் அடுக்கிய மூட்டை சரியாது. அந்தக் கைக்காகத்தான் கமிட்டியில் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் ஆனது, தோள் காய்த்துப்போனது. காலையில் முதல் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் தூக்கமாட்டான். சாமி பயம் ஜாஸ்தி. கோபமும் ஜாஸ்திதான். ஆனால் ஒரு சொட்டு குடிக்கமாட்டான். பீடி கிடையாது. வெற்றிலை கூட, அண்ணன் செத்த நாளிலிருந்து போடுவதில்லை.

அண்ணன் என்றால் என் பெரியவன், தனசேகரன். அவன் குடிப்பான், இல்லை என்று சொல்லவில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தவன் திடீரென்று ரத்தமாக வாந்தி எடுத்தான். சட்டை முழுக்கச் சிவப்பு. கூட நின்றவர்கள் வெற்றிலை எச்சில் என்று நினைத்துத் திட்டிவிட்டு நகர்ந்தார்களாம். கொளஞ்சிதான் கமிட்டி வண்டியில் அள்ளிக்கொண்டு வந்தான். பெரியவன் வழியிலேயே போய்விட்டான். குடியால் போனான் என்று ஊர் முடித்துவிட்டது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

போன வருஷம் எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. கொடுக்கப் போனான் கொளஞ்சி. சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதாம், பி என்கிற வகையாம். வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். ஈரல் மேடும் பள்ளமுமாக இறுக ஆரம்பித்திருக்கிறது, மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றார்கள். "இது எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டதற்கு, "பொறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம், அண்ணனுக்கும் இருந்திருக்கலாம்" என்றார்களாம். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. மருமகள் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அதற்குமேல் அந்த இடத்தில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை, நகர்கிறேன்.

எங்கள் தெரு கருணாபுரத்துக்கு அடுத்த தெரு. அங்கே விஷச் சாராயம் குடித்துக் கூட்டம் கூட்டமாகச் செத்த அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருத்தன் ஈரல் என்று வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவன் முகம் மாறிவிடும். கமிட்டி வாசல் டீக்கடையில் கூட வேலை செய்கிறவர்களே கேட்டார்கள்.

"இன்னாடா கொளஞ்சி, சாமியாராட்டம் இருந்துகினு ஒளிச்சி ஒளிச்சி ஊத்திக்கினியா?"

"நான் குடிச்சத பாத்தவன் எவன்னா இருந்தா முன்னால வரச் சொல்லு."

"ஒளிச்சி குடிச்சா எப்பிடிடா பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்களாம். அன்றைக்கு டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு யாருக்கும் பதில் சொல்வதை விட்டுவிட்டான்.

கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆனால் டாக்டருக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. எங்களுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அண்ணன் போன மாதிரி இவனும் போவானா?

டாக்டர் சொன்னதை அவன் வீட்டில் வந்து சொன்னான். குடலில் இருக்கிற ரத்தம் எல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாக ஈரலுக்குத்தான் போகுமாம். ஈரல் இறுகிப்போனால் வாய்க்கால் தண்ணீர் மடை அடைத்த மாதிரி பின்னால் தேங்குமாம். தேங்கத் தேங்க அழுத்தம் ஏறி, தொண்டைக்குக் கீழே இருக்கிற சின்னச் சின்ன நரம்பு எல்லாம் புடைத்துக்கொள்ளும். ஒருநாள் அது வெடித்தால் ரத்த வாந்தி. அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் முன்னாலேயே தடுக்க வழி பார்க்கலாம். நேராக அளக்க வேண்டுமென்றால் கழுத்து நரம்பு வழியாக ஒரு கம்பியை விட்டு ஈரல் வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அதற்கெல்லாம் பெரிய ஊருக்குப் போகணும். இங்கே புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை. விலாவில் வைத்துத் தட்டும். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். அந்த எண்ணையும், ரத்தத்தில் இருக்கிற பிளேட்லெட்டையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பிளேட்லெட் எங்களுக்குத் தெரியும். டெங்கு வந்த வருஷத்தில் தெரு முழுக்க அதே பேச்சுதான்.

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை மிஷினுக்கு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் வரணும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மருமகள் செல்வி (செந்தமிழ்ச்செல்வி என்று வைத்த பேர், யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை) பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவளுக்கு லீவு இல்லை. எனக்கு முட்டி வலி. தனியாகத்தான் போனான். வீட்டில் காபித் தண்ணி கூடத் தொடவில்லை, நான் பார்த்தேன்.

மிஷின் இருந்த அறையில் லிடியா என்கிற பெண் இருந்தாள். அவள்தான் அதை ஓட்டுகிறவள். "காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் இல்லீங்க" என்றிருக்கிறான். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வலது கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, விலா எலும்புக்கு நடுவில் ஜில்லென்று களிம்பு தடவி, மிஷின் முனையை வைத்துத் தட்டினாளாம். விரலால் சுண்டுகிற மாதிரி, டொக்கு டொக்கு என்று.

"மூட்டையைத் தட்டிப் பாக்குற மாதிரியே தட்றாங்கம்மா" என்று என்னிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான்.

எண் இருபத்தாறு என்று வந்தது. இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அழுத்தத்தைக் குறைக்க வேறு மாத்திரை ஆரம்பிக்கணும். வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு நரம்பு புடைத்திருக்கிறதா பார்க்கணும். மூட்டை தூக்கவே கூடாது.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எச்சில் துப்பினால் கூட நின்று அதன் நிறத்தைப் பார்த்தான். செல்வி தக்காளி ரசம் வைத்தாள். தட்டில் ஊற்றியதும் எழுந்து போய்விட்டான். நிறம் அப்படி. அதற்குப் பிறகு அவள் மிளகு ரசம்தான் வைத்தாள், அதற்கும் சரியாகச் சாப்பிடவில்லை. கமிட்டிக்குப் போகவில்லை. கேமராவுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் வரக்கூடாது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருமுனை மாரியம்மன் கோயிலில் மறுபடியும் கூழ் ஊற்றினார்கள். பம்பைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அவன் எழுந்திருக்கவில்லை.

"கோயிலுக்குப் போவலயா?" என்று கேட்டாள் செல்வி.

"எதுக்கு? போன வாரம் போயி வாங்கிக் குடிச்சேனே, ஆத்தா இன்னா கொறச்சிட்டா? இருபத்தாறு."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எப்போ குடிச்ச?"

"மிஷினுக்குப் போம்போதுதான். கோயில் வழியாத்தான போவணும். பூசாரி கூப்ட்டு ஊத்தினாரு. சொம்பு நெறைய குடிச்சிட்டுப் போனேன்."

"யோவ்! வெறும் வயித்துல வரச் சொன்னாங்களா இல்லியா?"

"வெறும் வயிறுதான். வூட்ல இன்னா தொட்டேன்? எம்மா, நீயே சொல்லு."

"சொம்பு நெறைய கேவுரு கூழ ஊத்திக்கினு வெறும் வயிறுன்றியே, உன்ன இன்னா சொல்றது!"

"அது சோறா? அது ஆத்தா குடுத்தது. அத யாராவது சாப்பாட்டுக் கணக்குல வெப்பாங்களா?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு பொழுது இருக்கிறவள் கூட ஆத்தா கூழை வாங்கிக் குடிப்பாள், ஒரு பொழுது கலைந்ததாக யாரும் நினைக்கமாட்டார்கள். வேண்டாம் என்று தாண்டிப் போவது அவள் முகத்தில் அடிக்கிற மாதிரி. அவன் பொய் சொல்லவில்லை. லிடியா கேட்டபோது அவன் மனசில் ஒன்றும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

செல்வி விடுகிற ஆள் இல்லை. சத்துணவு வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் லிடியாவைப் பார்த்திருக்கிறாள். லிடியா தலையில் கையை வைத்துக்கொண்டாளாம். வயிற்றில் எதுவாவது விழுந்தால் குடலுக்கு ரத்தம் ஜாஸ்தி ஓடும், எல்லாம் ஈரலுக்குத்தான் வந்து சேரும், அந்த நேரத்தில் தட்டினால் ஈரல் இருக்கிறதைவிட இறுக்கமாகக் காட்டும். அந்த எண்ணை நம்ப முடியாது. டாக்டரிடம் சொல்லி, கேமராவுக்கு முன்னால் மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்க்கிறோம், வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாளாம்.

நல்ல சேதிதானே? நான் அப்படித்தான் நினைத்தேன். அவன் எரிந்து விழுந்தான்.

"ஆத்தா கூழால எனக்கு நோவு ஏறிச்சின்னு அங்க போயி சொல்லிட்டு வந்துட்டியா? உன் வாயி அழுவிப் போவாது?"

"நோவு ஏறலய்யா. எண்ணுதான் ஏறிச்சி. அதத்தான் சொன்னாங்க."

"எல்லாம் ஒண்ணுதான். நான் வரமாட்டேன். இருபத்தாறுன்னா இருபத்தாறு. அவ குடுத்தது, இருந்துட்டுப் போவட்டும்."

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அவன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரு சொல்லும், அதை விடுங்கள். அவன் பேச்சில் பக்தி மட்டும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. மறுபடி தட்டி, மறுபடி அதே எண் வந்தால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

பூசாரி வேடியப்பன் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அண்டாவுக்குள் தலையை விட்டபடியே சிரித்தார்.

"இன்னாத்துக்குய்யா சிரிக்கிற? எம் புள்ள அங்க சாவுக்கு நாள் எண்ணிக்கினு கீறான்."

"கோச்சிக்காதம்மா. எனக்கு சக்கரை கீதில்ல? ரத்தம் எடுக்கப் போற அன்னிக்கு நானே கூழு குடிக்கறதில்ல. ஊத்தறவனே நான்தான். ஒரு தூக்குல வாங்கி ஆத்தா காலடியில வெச்சிட்டுப் போவேன். ஊசி குத்திட்டு வந்து குடிப்பேன்."

"ஆத்தா ஒண்ணும் சொல்லலயா?"

"இத்தன வருசமா சொல்லல. எனக்குத் தெரிஞ்சி அவ ஆஸ்பத்திரிக்காரங்கள முறைச்சிக்கறதில்ல."

வீட்டுக்கு வா, இதை அவனிடமே வந்து சொல் என்றேன். வந்தார். வாசலில் நின்றுகொண்டே சொன்னார். கொளஞ்சி எழுந்து வாசலுக்கு வந்தான்.

"மெய்யாவா பூசாரி?"

"என் தூக்க வந்து பாரு. மூடி கூட நசுங்கிப் போயிருக்கும்."

மறுபடி தட்டிப் பார்க்க வருகிறேன் என்று ஒத்துக்கொண்டான்.

மறுபடி போன அன்றைக்கு மூன்று பேரும் போனோம். நீ எதற்கு வருகிறாய் முட்டியை வைத்துக்கொண்டு என்று இரண்டு பேரும் கேட்டார்கள். வருகிறேன் என்றால் வருகிறேன். ஆஸ்பத்திரியில் உட்கார இடம் இல்லை. தூணில் சாய்ந்துகொண்டு நின்றோம். கூட்டம் நகரவே இல்லை. பசியில் அவன் முகம் கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஒருத்தி பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள், செல்வி அவன் அந்தப் பக்கம் பார்க்காதபடி குறுக்கே நின்றுகொண்டாள்.

"கூழு அண்ணன், வாங்க" என்று கூப்பிட்டாள் லிடியா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, அந்தத் தெம்பு கூட இல்லை.

உள்ளே என்னையும் விட்டாள். "இன்னிக்கு எந்த சாமியாவது எதனா குடுத்துதா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. பச்சத் தண்ணி கூட இல்ல."

"உங்க ஆத்தாவ நாங்க கொற சொல்லல அண்ணே. எங்க மாதா கோயில்ல குடுக்கற பொங்கல சாப்ட்டு வந்தாலும் இந்த மிஷினு ஏத்திதான் காட்டும். அதுக்கு சாமியும் தெரியாது, சாதியும் தெரியாது. படுங்க."

படுத்தான். சட்டையைத் தூக்கினதும் விலா தெரிந்தது. மூட்டை சுமந்த உடம்பு, அந்தக் கொஞ்ச நாளில் அப்படி வற்றியிருந்தது. அவள் களிம்பு தடவினாள், முனையை வைத்தாள். டொக்கு. டொக்கு. ஈரல் மெத்தென்று இருந்தால் அந்த அதிர்வு மெதுவாகப் போகுமாம், இறுகியிருந்தால் சட்டென்று ஓடுமாம். அதைத்தான் மிஷின் எண்ணாகச் சொல்கிறதாம். "மூச்ச நிறுத்தாதீங்க, சாதாரணமா விடுங்க" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. அவன் யாரைக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். நானும் அவளைத்தான் கூப்பிட்டேன்.

பத்தொன்பது.

லிடியா சொன்னதும் எங்களுக்கு அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. பிறகு டாக்டர் அறை வாசலில் மறுபடியும் காத்துக்கிடந்தோம். சின்ன வயது டாக்டர். அவர் கண்ணும் தூக்கம் இல்லாமல் சிவந்துதான் இருந்தது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இருபதுக்குக் கீழ இருக்கு. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு. ரெண்டும் இப்படி இருந்தா இப்போதைக்குக் கேமராவும் வேணாம், அழுத்தத்துக்குச் சொன்ன மாத்திரையும் வேணாம்."

"அப்போ சரியாய்டிச்சா சார்?" என்றாள் செல்வி.

"அப்படி இல்லம்மா. பதினஞ்சுக்குக் கீழ இருந்தா அழுத்தம் இல்லைன்னு தைரியமா சொல்லிடுவேன். இருபத்தஞ்சுக்கு மேலன்னா இருக்குன்னு சொல்லிடுவேன். இவர் நடுவுல நிக்கிறார். ஈரல் இறுகித்தான் இருக்கு. அந்த பி மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது. ஸ்கேனுக்கு வரணும், வருஷா வருஷம் இதே மாதிரி தட்டிப் பாக்கணும். அது ஏறாம இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"எத்தன வருசத்துக்கு சார்?" என்றான் கொளஞ்சி.

"இருக்கிற வரைக்கும்."

 பிறகு அவன்தான் கேட்டான். "எங்கண்ணன் ரத்தம் கக்கிச் செத்தாரு சார். எனக்கும் அப்பிடி ஆவுமா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்போ அந்த பயம் கம்மி. வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வர்றதுக்கு முன்னால நமக்குத் தெரியும். உங்க அண்ணனுக்கு அது தெரியல."

"மூட்டை?"

"பாரத்தக் கொறச்சிக்கோங்க."

"கமிட்டியில அர மூட்டைன்னு ஒண்ணு கெடையாதுங்களே சார்" என்றான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கு வாய் தைக்கிற வேலை ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்றார். இருக்கிறது. பொம்பளைகள் செய்கிற வேலை அது. கேட்பானா மாட்டானா, அது இன்னொரு நாள் சண்டை. அதை நான் செல்வியிடம் விட்டுவிட்டேன்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற கடையில் அவனைச் சாப்பிட வைத்தோம். தோசைக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி வைத்தான் கடைக்காரன். செல்வி தட்டை மறைக்கப் போனாள். அதற்குள் அவன் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுபோகும்.

ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு ஏறினோம். எனக்கும் செல்விக்கும் நடுவில் அவன். கச்சேரி ரோடு திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறான். இருபத்தாறு என்று வந்த நாளிலிருந்து அவன் கண் அசந்து தூங்கியதை நான் பார்க்கவில்லை. படுத்தால் தொண்டையில் ரத்தம் ஏறிவிடும் என்று சுவரில் சாய்ந்தபடியே விடியவைத்த பிள்ளை.

எங்கள் தெருமுனை வந்தது. ஆட்டோ நின்றது. செல்வி அவன் தோளைத் தொடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்கலயாம்மா?" என்றான் டிரைவர்.

"இல்லப்பா. நீ போ. கடைசி வரைக்கும் போயி, திரும்பி வரும்போது எறங்கிக்கிறோம்."

"முட்டிய மடக்கிக்கினே எவ்ளோ நேரம் அத்தே உக்காந்திருப்ப?" என்றாள் செல்வி மெதுவாக.

எவ்வளவு நேரமானால் என்ன. போகட்டும் என்றேன். ஆட்டோ கிளம்பியது.